மாடி வீட்டுப் பேச்சு

மேல போய்ப் பாக்கலாம்மா, சாவி என் இடுப்புலதான் இருக்கு. முதல்ல இந்த மோரைக் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க. கூட வந்தவர் வெளியில போன்ல பேசிக்கிட்டிருக்காரா? பேசட்டும். ஆம்பளைங்களுக்கு என்ன, ரெண்டு ரூமு, ஒரு பாத்ரூமு, வண்டி நிறுத்த இடம், அவ்வளவுதான் வீடு. நாமதான் வீட்டுக்காரங்க எப்படின்னு பாக்கணும். உங்களுக்கும் என்னைப் பத்தித் தெரிய வேணாமா?

இந்தத் தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. "அந்த வீட்டுலேர்ந்து ஒரு நாள் ஒரு பொழுது சண்டைச் சத்தம் கேட்டதில்ல"ன்னுதான் சொல்லுவாங்க. மன்னார்குடியில யார் வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட எங்க ரெண்டு பேரையும் ஜோடியாத்தான் மேடைக்குக் கூப்பிடுவாங்க. நானும் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு அவர் பக்கத்துல போய் நிப்பேன். "இவங்களை மாதிரி வாழணும்"னு மைக்குலயே சொல்லியிருக்காங்க.

அவர் பேரா? அதை நான் சொல்லக் கூடாதும்மா. கட்டுன புருஷன் பேரைப் பொம்பளை சொல்றதா? வாசல் பலகையில எழுதியிருக்கு, போகும்போது படிச்சுக்குங்க. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டை நீட்டுவேனே தவிர வாயால சொன்னதில்ல. அவ்வளவு மரியாதை வெச்சிருக்கேன்.

என்ன, அவர் என்கூடப் பேசறதில்ல. அது ஒண்ணுதான்.

அட, அப்படிப் பாக்காதீங்க. எல்லா வீட்லயும் ஏதாவது ஒண்ணு இருக்கும். சில ஆம்பளைங்க குடிப்பாங்க, சில பேரு கை நீட்டுவாங்க. இவர் பேச மாட்டார். சாப்பாடு போட்டா சாப்பிடுவார். துணி எடுத்து வெச்சா போட்டுக்குவார். எதாவது வேணும்னா ஓசூர்ல இருக்கற மகளுக்குப் போன் போடுவார், இந்தக் கூடத்துல உக்காந்துக்கிட்டே. அடுத்த நிமிஷம் அவ எனக்குப் போன் பண்ணி, "அம்மா, அப்பாவுக்கு ராத்திரிக்குக் கஞ்சி போதுமாம்"பா. நான் அடுப்படியில நின்னு, "சரின்னு சொல்லுடி"ம்பேன். அவ மறுபடி அவருக்குப் பண்ணுவா. ஓசூர் சுத்திக் கஞ்சி வரும் எங்க வீட்ல. பழகிப் போச்சு.

எப்போலேர்ந்துன்னு கேக்கறீங்க. அந்த மகளுக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. பேரன் இப்ப ஆறாவது படிக்கிறான், பாத்துக்குங்க.

காரணம்னு பெரிசா ஒண்ணுமில்ல. சொன்னா நீங்களே சிரிப்பீங்க. அவருக்கு ஒரு தங்கச்சி, அஞ்சலைன்னு. சின்ன வயசுலயே தாலி அறுத்துட்டு அண்ணன் வீடே கதின்னு வந்துட்டா. என் மகளைத் தூக்கி வளத்தவ அவதான், நான் இல்லைன்னு சொல்லல. குளிப்பாட்டறதும் தலை பின்றதும் எல்லாம் அத்தைதான். கல்யாணத்தன்னைக்கு விடியக்காலையில நீலப்புடவை ஒண்ணைக் கட்டிக்கிட்டு வந்து மணவறைக்குப் பக்கத்துல நிக்கிறா. முதல் வரிசையில! சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க எதிர்லயே உக்காந்திருக்காங்க. அவங்க ஒண்ணும் சொல்லல. சொல்லிடுவாங்களோன்னு எனக்குத்தான் பயம். நல்ல காரியம் நடக்கற இடத்துல முன்னாடி நிக்கக் கூடாதுன்னு அவளுக்கே தெரிய வேணாமா?

வேற எவளா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா, "தள்ளிப் போ"ன்னு சொல்லியிருப்பா. நான் அப்படிச் சொல்லல. அவ மனசு நோகக் கூடாதுன்னு யோசிச்சேன். "அஞ்சலை, மண்டபத்து மாடி ரூம்ல நகைப் பெட்டி இருக்கு. வெளியாள் நடமாட்டமா இருக்கு. உன்னை விட்டா நான் யாரை நம்புவேன்? உள்ள தாப்பாள் போட்டுக்கிட்டு அங்கயே இரு, நானே வந்து கூப்பிடறேன்"னேன். அவ எவ்வளவு சந்தோஷமாப் போனா தெரியுமா? "சரிங்க அண்ணி"ன்னு புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு ஓடினா. எவ்வளவு நாசூக்கா முடிச்சேன் பாருங்க.

அப்புறம் கல்யாண வேலையில மறந்துட்டேன். பொண்ணைப் பெத்தவளுக்கு ஒரு வேலையா ரெண்டு வேலையா? தாலி கட்டியாச்சு, கடைசிப் பந்தி எழுந்தாச்சு, இவர் தங்கச்சியத் தேடிக்கிட்டு மாடிக்குப் போயிருக்கார். அவ தரையில உக்காந்து பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. பச்சத் தண்ணி குடிக்கல. இவர் பெட்டியைத் தூக்கியிருக்கார், காத்தாட்டம் வந்திருக்கு. திறந்து பாத்தா நாலு சேஃப்டி பின்னு. ஏன்மா, நகையெல்லாம் பொண்ணு கழுத்துல இருக்கும்போது பெட்டியில என்னம்மா இருக்கும்? இது கூடவா அவருக்குத் தெரியாது?

அவ மத்தியான பஸ்ஸுல ஏறி அவங்க சித்தப்பா ஊருக்குப் போய்ட்டா. அதுக்கப்புறம் இந்த வாசப்படி மிதிக்கல. மறு வருஷம் போய்ச் சேந்துட்டா. சக்கரை வியாதி. அதுக்கு நான் என்ன பண்றது? ஆனா இவர் அன்னைக்கு வாயை மூடினவர்தான். திட்டிட்டாலும் ஒரு நாள்ல தீந்திருக்கும். திட்டறதுக்குக் கூட ஆளாக்கல என்னை.

சரி விடுங்க. நான் சொல்ல வந்தது மாடியில கடைசியா இருந்தாங்களே, அவங்க கதை. அதைச் சொன்னாத்தான் எங்க வீட்டுல எது நடக்கும், எது நடக்காதுன்னு உங்களுக்குப் புரியும்.

சித்திரையில வந்தாங்க. அந்த ஆளு பேரு துரைக்கண்ணு, பஸ் டிப்போல வேலை பாத்து ரிடையர் ஆனவர். அவ பேரு செங்கமலம். ரெண்டு பேருக்கும் அறுபதை ஒட்டின வயசு. அவ நெத்தியில ஒரு ரூபா அளவுக்குப் பொட்டு, தலை நிறைய கதம்பம். பாத்த உடனே குடும்பப் பாங்கா இருக்காளேன்னு சாவியைக் குடுத்துட்டேன். மறுநாள் காலையில மாடியிலேர்ந்து குரல் வருது: "ஏ துரை! பால் பொங்குது பாரு!" புருஷனை! பேரைச் சொல்லி! ஏ போட்டு! கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டுட்டேன். அந்த ஆளு அதுக்கு, "வந்துட்டேன் ராணி"ங்கறார். அறுபது வயசுல ராணியாம்.

நாள் முழுக்கப் பேச்சு. என்னதான் பேசுவாங்களோ! கத்திரிக்கா சொத்தையா இருந்தா அதுக்கொரு பேச்சு, எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டா அதுக்கொரு பேச்சு. மாடிப்படிக்குக் கீழ என் கிரைண்டர் இருக்கு. அங்க உக்காந்தா மேல பேசறது அட்சரம் பிசகாம கேக்கும். மாவரைக்கப் போனா கேக்கத்தானே செய்யும்? காதைப் பொத்திக்கிட்டா மாவரைக்க முடியும்? சில நாள் மாவு அரைச்சு முடிஞ்சும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். கால் வலி எனக்கு.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கென்ன பொறாமை? அவகிட்ட என்ன இருக்கு? சொந்த வீடு உண்டா, மகன் மக உண்டா, கழுத்துல ஒரு பொட்டுத் தங்கம் உண்டா?

கழுத்துன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். ஆடிப்பெருக்கு அன்னைக்கு எங்க பக்கத்துல சுமங்கலிங்க புது மஞ்சக் கயிறு மாத்திக்குவோம். நானும் தாம்பாளத்துல கயிறு, குங்குமம், காதோலை கருகமணி எல்லாம் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாவே. அவ கழுத்துல ஒரு பாசிமணிச் சரம் மட்டும் தொங்கும், அடியில என்ன இருக்குன்னு தெரியாது. "வா, உனக்கும் நானே மாத்தி விடறேன்"னேன். அவ கூசவே இல்லம்மா. "எனக்குத் தாலி இல்லக்கா. கட்டினவர் போய்ட்டார். இவருக்கும் சம்சாரம் தவறிப் போச்சு. ஒரே டாக்டர்கிட்ட மருந்து வாங்கப் போற எடத்துல பழக்கம். சேந்து இருக்கணும்னு தோணுச்சு, இருக்கோம். கயிறு வேணும்னு ரெண்டு பேருக்கும் தோணல"ன்னா. சொல்லிட்டு, "காபி குடிக்கறீங்களா?"ங்கறா. மழை வரும் போலிருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுக் காபி வேணுமாம்!

நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு இறங்கி வந்துட்டேன். அன்னைக்கே காலி பண்ணச் சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னு கேளுங்க.

அதுக்குள்ள இவர் மேல போக ஆரம்பிச்சிருந்தார்.

தண்ணித் தொட்டி வால்வு எங்க இருக்குன்னு கேக்கத்தான் முதல்ல துரைக்கண்ணு கூப்பிட்டார். போனவர் விளக்கு வெச்சப்புறம்தான் இறங்கினார். மறுநாளும் போனார். அப்புறம் சாயங்காலம் ஆனா சட்டையைப் போட்டுக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு மாடிக்கு. கேரம் போர்டு வாங்கி வெச்சிருந்தாங்க. நான் கிரைண்டர்கிட்ட உக்காந்திருக்கேன், மேல யாரோ சிரிக்கிறாங்க. கனமான சிரிப்பு, அடி வயித்துலேர்ந்து வருது. யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போலன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது இவர்! என் புருஷன் சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியலம்மா.

எல்லாத்தையும் பேசினார். பள்ளிக்கூடத்துல பிரம்படி வாங்கினது, பாமணி ஆத்துல நீச்சல் கத்துக்கிட்டது, முதல் சம்பளத்துல அவங்கம்மாவுக்குக் கம்பளி வாங்கினது. எனக்கு எதுவுமே தெரியாது அதெல்லாம். அவளை, "தங்கச்சி, தங்கச்சி"ங்கறார். தப்பா ஒண்ணும் இல்ல, தெரியும் எனக்கு. தப்பா இருந்திருந்தா நாலு பேர்கிட்டச் சொல்லி அழுதாவது தீத்திருப்பேன். "சுண்டக்கா வத்தக் குழம்புல சுட்ட அப்பளத்தை நொறுக்கிப் போட்டு அஞ்சலை பிசைஞ்சு தருவா தங்கச்சி, அந்த ருசி நாக்குலயே நிக்குது"ங்கறார் அவகிட்ட. இவ்வளவு வருஷமாச் சமைச்சுப் போடறவ நான். எனக்கு ஒரு வார்த்தை?

மறுநாள் நானும் சுண்டக்கா வத்தக் குழம்பு வெச்சேன். அப்பளத்தைத் தணல்ல சுட்டு, நொறுக்கிப் போட்டு, தட்டுல வெச்சேன். பாத்தார். ஒரு நிமிஷம் கையைத் தட்டுல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார். அப்புறம் சாப்பிட்டார், ஒரு பருக்கை விடாம. நான் அன்னைக்குப் பூரா போனை மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மக கூப்பிடுவா, "அப்பாவுக்குக் குழம்பு நல்லா இருந்துச்சாம்"னு சொல்லுவான்னு. கூப்பிடல. சாயங்காலம் அவர் மேல போய்ட்டார். அங்கயாவது சொல்லுவாரான்னு காது குடுத்துக் கேட்டேன். கேரம் காய் சத்தம்தான் கேட்டுச்சு.

ஆமா, வயிறு எரிஞ்சுது. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்குச் சேர வேண்டியதை ஒருத்தி மாடியில உக்காந்து அள்ளிக்கிட்டிருக்கா, எனக்கு வயிறு எரியாதா? அதுவும் எப்பேர்ப்பட்டவ? தாலி இல்லாதவ. நான் அந்தக் கயித்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டு எழுந்திருக்கறவ. சாமி எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டிருக்குன்னு கேக்கத் தோணாதா?

புரட்டாசியில ஒரு சாயங்காலம். முறுக்கு சுட்டிருந்தேன். தட்டுல எடுத்துக்கிட்டுப் படியேறினேன், சும்மா, குடுத்துட்டு வரலாம்னு. நடுப்படியில நின்னுட்டேன். செங்கமலம் கேக்கறா: "அண்ணே, அக்காகிட்ட நீங்க ஏன் பேசறதில்ல?" கேரம் காய் சத்தம் நின்னுடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு இவர் சொல்றார், "கோவம் எப்பவோ போயிடுச்சு தங்கச்சி. பேச்சை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. காலையில எழுந்திரிக்கும்போது இன்னைக்குப் பேசிடணும்னுதான் நினைக்கறேன். அவ காபியை வெச்சுட்டுத் திரும்பிடறா."

கேட்டீங்களா? காபியை வெச்சுட்டுத் திரும்பிடறேனாம்!

இதை யார்கிட்டச் சொல்லணும்? என்கிட்டல்ல சொல்லணும்? நான் பத்துப் படிக்குக் கீழ நிக்கறேன். அந்த வார்த்தைக்காக எத்தனை ஆடி, எத்தனை தை காத்துக்கிட்டிருக்கேன் நான்! அதைக் கொண்டு போய் அவ காதுல போடறார். என்ன சொன்னீங்க? நான் மேல போய், "சரிங்க, பேசுங்க"ன்னு சொல்லியிருக்கலாமா? நல்லா இருக்கே! பொம்பளை முதல்ல போய்ப் பேசறதா? ஆம்பளை இறங்கி வரட்டும், அதுதானே முறை? எங்கம்மா எங்கப்பாகிட்ட முதல்ல பேசி நான் பாத்ததில்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. முறுக்கை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

மறுநாள் காலையில எதிர்வீட்டுத் தமயந்தியையும் பிள்ளையார் கோயில் கமிட்டிக்காரர் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போனேன். "குடும்பம் நடத்தற வீடு இது. தாலி கட்டாம சேந்திருக்கறவங்களுக்கு இங்க இடமில்ல. வயசுப் புள்ளைங்க இருக்கற தெரு"ன்னேன். தமயந்தியும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசினா. அவ மக இதே மாதிரித்தான் பெங்களூர்ல ஒருத்தனோட இருக்கா, அது தனிக் கதை, ஊர் தாண்டி இருக்கறதை யார் பாக்கறா? துரைக்கண்ணு சண்டைக்கு வருவார்னு நினைச்சேன். வரல. "சரிங்க"ன்னுட்டார். செங்கமலம்தான் என்னையே பாத்துக்கிட்டிருந்தா. "நேத்து படியில முறுக்கு வாசனை வந்துச்சுக்கா. ஏன் மேல வரல?"ன்னா.

எவ்வளவு கொழுப்பு பாருங்க.

அடுத்த வாரமே போய்ட்டாங்க. இவர்தான் சாமான் எல்லாம் இறக்கிக் குடுத்தார். கேஸ் அடுப்பு, பீரோ, பித்தளைக் குடம், ஒண்ணு விடாம. இடுப்பு வலிக்காரர். வண்டி தெருமுனை திரும்பற வரைக்கும் வாசல்ல நின்னார். நானும் கதவுகிட்ட நின்னேன். இப்பவாவது, "ஏண்டி இப்படிப் பண்ணினே?"ன்னு கேப்பார். கேக்கட்டும், அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்னு நின்னேன். என்னைத் தாண்டி உள்ள போனார். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினார். படுத்துட்டார்.

இப்ப மகளுக்கும் போன் போடறதில்ல. கஞ்சி வெச்சாலும் சாப்பிடறார், பழையது வெச்சாலும் சாப்பிடறார். உப்பு போடாமயே ஒரு நாள் குழம்பு வெச்சுப் பாத்தேன். அதையும் சாப்பிட்டார். "அப்பா எப்படிம்மா இருக்கார்?"னு மக கேக்கறா. ஊர்ல எல்லாருக்கும் நான் நல்ல பேரு. "தெரு மானத்தைக் காப்பாத்தினீங்க"ன்னு கோயில்ல முதல் தீபாராதனை எங்களுக்குத்தான் காட்டினாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு தொட்டுக் கும்பிட்டோம்.

வீடு காலியா ஆறு மாசமாக் கிடக்கு. ஒரு வாத்தியார் குடும்பம் வந்துச்சு, வாயே திறக்காத மனுஷங்க, வேணாம்னுட்டேன். ஒரு பேங்க் பையன் வந்தான், காதுல எப்பவும் ஒயரை மாட்டிக்கிட்டு. வேணாம்னுட்டேன்.

நீங்க வாசல்ல நுழையும்போதே ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன். கறி மீன் சமைப்பீங்களா, சமைச்சுக்குங்க. ராத்திரி லேட்டா வருவீங்களா, சாவி தர்றேன். உங்க ரெண்டு பேருக்கும் என்ன முறைன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம். சொல்லிட்டீங்கன்னா அப்புறம் நான் வேற மாதிரி பேச வேண்டி வரும். துப்பட்டா கழுத்தை மூடியிருக்கு, நான் எதையும் பாக்கல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாயங்காலத்துல அவரை மேல கூப்பிடுங்க. காபிக்கோ, டி.வி. பாக்கவோ, எதுக்காவது. கூப்பிட்டா வருவார். நல்லாப் பேசுவார்மா, நீங்களே பாருங்க, எத்தனை கதை தெரியும்ங்கறீங்க அவருக்கு!

இதோ, செருப்புச் சத்தம். அவர்தான், கடைத்தெருவுலேர்ந்து வர்றார். நான் தம்ளரை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிடறேன், நான் நின்னா பேச மாட்டார். தண்ணி எப்போ விடுவாங்க, கரண்ட் பில்லு எங்க கட்டணும், ஏதாவது கேளுங்க. சன்னமாத்தான் பதில் சொல்லுவார். காது சரியாக் கேக்கலைன்னு சொல்லுங்கம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுவார்.